வீட்டைவிட்டு வெளியேறிய காலமும் வீட்டுக்குள் அடைந்த காலமும்

2020ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் பிரதமர் நாட்டு மக்களிடம் பேசினார். அன்று நள்ளிரவு முதல் இருபத்தொரு நாட்களுக்கு எவரும் தம் இல்லத்தைவிட்டு வெளியேறலாகாது என்பது அவர் அறிவித்த செய்தி. அதற்கு இரு நாட்கள் முன்னரே பயணிகள் இரயில்கள் நிறுத்தப்பட்டிருந்தன. 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் தேதி பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் வண்டி புறப்பட்ட நாள்தொட்டு, நாடு முழுவதிலும் பயணிகள் வண்டிகள் ஒருசேர நின்றது அதுவே முதன்முறை.

நாம் அப்பொழுது தில்லியில், நிஜாமுத்தீன் பக்கத்து இரயில் தடத்துக்கு அருகே, அரசுக் குடியிருப்பு ஒன்றில் வாழ்ந்துவந்தோம். இரண்டு அறைகள், ஒரு சிறு முன்றில், நான்கு பேர். இரவெல்லாம் வண்டிகளின் ஓசையில் உறங்கிப் பழகிய செவிகளுக்கு அவ்வமைதி முதலிரு நாட்கள் இனிமையாக இருந்தது; மூன்றாம் நாள் உறக்கம் வரவில்லை. ஆனால் தடம் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. கோதுமையும் நிலக்கரியும் ஏற்றிய சரக்கு வண்டிகள் இடையிடையே சென்றுகொண்டுதான் இருந்தன. பொருள் போகலாம், மனிதன் போகலாகாது என்பது அக்காலத்து விதி. இந்த விதியைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேசவேண்டியிருக்கிறது. ஏனெனில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இதே விதி இதே நாட்டில் பெருந்தவறாக முடிந்தது.

அந்நாட்களில் அலுவலகத்திலிருந்து நமக்கு வந்த பணிகளில் பெரும்பாலானவை சுற்றறிக்கைகள். அவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடுவதே ஒரு பொழுதுபோக்காயிற்று. 'குவாரன்டைன்' என்னும் சொல் இத்தாலிய மொழியில் நாற்பது என்னும் எண்ணிலிருந்து பிறந்தது. கொள்ளைநோய் கண்ட துறைமுகத்திலிருந்து வந்த கப்பல்களை வெனிஸ் நகரத்தார் நாற்பது நாள் கரைக்கு வெளியே நிறுத்திவைத்த வழக்கத்தின் நினைவு அது. 1377இல் இரகூசா நகரம் இவ்வழக்கத்தைத் தொடங்கியபொழுது முப்பது நாளே வைத்திருந்தது. இதைத் தமிழில் தனிமைப்படுத்தல் என்றும், தொற்றொதுக்கம் என்றும் எழுதினோம். 'ஊரடங்கு' என்னும் சொல்லோ முன்பே நம்மிடம் இருந்தது. ஊர் அடங்கும் நேரம் என்றால் கிராமத்தில் விளக்கணைத்துப் படுக்கும் இரவு நேரம், அமைதியான சொல். அச்சொல்லைப் பட்டப்பகலுக்கு மாற்றி எழுதியபொழுது நமக்கே சற்றுக் கூச்சமாக இருந்தது.

அச்சுற்றறிக்கைகளில் அடிக்கடி வந்த ஒரு பெயர் 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம். நான்கே பிரிவுகளுடன், ஒரு தாளின் இரு புறங்களுக்குள் அடங்கிவிடும் அளவில் பிறந்த சட்டம் அது. அது பிறந்த கதையை அறிந்தால், அடைபட்டிருத்தலும் பயணத் தடையும் நம் நாட்டுக்குப் புதியன அல்ல என்பது விளங்கும்.

1896ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பம்பாயில் மாண்டவி என்னும் பகுதியில், அக்காசியோ காப்ரியேல் வியேகாஸ் என்னும் மருத்துவர், காய்ச்சலும் நெறிகட்டியும் கண்ட நோயாளிகளைப் பார்த்து, இது பிளேக்கே என்று அறிவித்தார். மாண்டவி துறைமுகத்தை ஒட்டிய தானியக் கிடங்குப் பகுதி. இக்குறிப்பை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாண்டுகளுக்கு முன் ஹாங்காங்கில் பரவிய நோய் கப்பல்வழி வந்திருந்தது. சில மாதங்களுக்குள் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட அந்நகரைவிட்டு ஏறத்தாழப் பாதிப்பேர் வெளியேறினார்கள். ஆலைகளில் வேலைக்கு ஆளில்லை. நோய் இறப்பு நிகழ்ந்த வீட்டுச் சுவரில் செந்நிற வட்டமும் தேதியும் எழுதப்பட்டன; ஓடுகளைப் பிரித்து வெயிலை உள்ளே விட்டார்கள்.

மக்கள் ஓடினால் நோயும் உடன் ஓடும் என்று அரசினர் கருதினர். எனவே 1897ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் தேதி மேற்சொன்ன சட்டம் நிறைவேறியது. எவரையும் சோதிக்கலாம், பிரித்து வைக்கலாம். ஆணையை மீறினால் தண்டனை. சட்டத்தின்படி நல்லெண்ணத்துடன் செயலாற்றிய அதிகாரிமேல் வழக்குத் தொடுக்க முடியாது. அவ்வாண்டு இந்தியத் துறைமுகங்களிலிருந்து ஹஜ் யாத்திரையும் நிறுத்தப்பட்டது. பம்பாயிலிருந்து உள்நாட்டுக்குச் செல்லும் வண்டிகள் கல்யாண் போன்ற நிலையங்களில் நிறுத்தப்பட்டன. பயணிகளை இறக்கி வரிசையாக நிற்கவைத்து, அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்கு நேர்ந்த சிறுமை பெரிது. பெண்கள் பட்ட நாணத்தை அக்காலப் பத்திரிகைகள் ஓயாமல் எழுதின.

புனாவில் நடந்தது அதனினும் கொடிது. ராண்டு என்னும் அதிகாரியின் தலைமையில், 1897 மார்ச்சு முதல் மே வரை, படைவீரர்களே வீடுவீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடினர். நோயாளி மருத்துவமனைக்கு, உடனிருந்தோர் ஒதுக்க முகாமுக்கு, பண்டபாத்திரங்களும் படுக்கைகளும் தெருவுக்கு. அவ்வாண்டு ஜூன் 22ஆம் தேதி இரவு சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டனர். உடன் சென்ற அயர்ஸ்டு என்னும் அதிகாரியும் மாண்டார். திலகர் தம் பத்திரிகையில் எழுதியவற்றுக்காக இராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுப் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அதே திலகர், அதே நகரில், இந்துக்களுக்கெனப் பிளேக் மருத்துவமனை ஒன்று ஏற்படுவதற்கு முன்னின்று உழைத்தவர் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். நோயாளியைப் பிரித்து வைப்பதை அவர் மறுக்கவில்லை. யார், எவ்விதம் பிரிப்பது என்பதே அவருடைய வழக்கு. சாவித்திரிபாய் பூலே நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, நோய் தொற்றி, 1897 மார்ச்சு 10ஆம் தேதி மறைந்ததும் இப்புனாவில்தான்.

இத்தனைத் தடைகளும் நோயை நிறுத்தினவா? நிறுத்தவில்லை. 1898ஆம் ஆண்டு கராச்சியில் சைமண்டு என்னும் பிரெஞ்சு மருத்துவர், பிளேக்கை எலியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டுவருவது எலியுண்ணியாகிய தெள்ளுப்பூச்சியே என்று சோதனையால் காட்டினார். கற்றோர் உலகம் அதை நம்பவில்லை; அப்பொழுது அரசினர் அமைத்திருந்த பிளேக் ஆணைக்குழுவும் ஏற்கவில்லை. 1905க்குப் பின் பம்பாய்ப் பரேலில் நடந்த விரிவான ஆராய்ச்சிகளே அவர் கூற்றை நிலைநாட்டின. அதுவரை நடந்தது என்ன? கல்யாண் நிலையத்தில் மனிதனை இறக்கித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த அதே வேளையில், மாண்டவிக் கிடங்குகளிலிருந்து தானிய மூட்டைகள் எலியோடும் தெள்ளுப்பூச்சியோடும் அடுத்த தடத்தில் தடையின்றிச் சென்றுகொண்டிருந்தன. தடுக்கவேண்டியதை விட்டுவிட்டு விடவேண்டியதைத் தடுத்தார்கள். 2020இல் வந்த நோய் மூச்சின் வழியே மனிதனிடமிருந்து மனிதனுக்குச் செல்வது. அப்பொழுது கோதுமை வண்டி போனதிலும் மனித வண்டி நின்றதிலும் பொருள் இருந்தது. விதி ஒன்றே, நோயின் இயல்பு வேறு.

சென்னை மாகாணத்தார் வேறொரு முறையைக் கையாண்டனர். நோய் கண்ட பகுதியிலிருந்து வருபவருக்குப் பிளேக் சீட்டு ஒன்று கொடுக்கப்படும். அவர் தம் ஊர் செல்லலாம். ஆனால் பத்து நாட்கள் நாள்தோறும் அதிகாரிமுன் நேரில் தோன்றித் தாம் நலமாயிருப்பதைக் காட்டவேண்டும். முகாமில் அடைப்பதைக் காட்டிலும் இது நாகரிகமான ஏற்பாடு என்றே சொல்லவேண்டும். சென்னை மாகாணத்தில் பிளேக் ஏனைய இடங்களைப் போல் பெருகவில்லையாதலால் இச்சீட்டுக்குப் பெரும் புகழ் வந்தது. பின்னாளில் கொழும்பில் பணியாற்றிய ஹிர்ஸ்டு என்னும் அறிஞர், சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களின் எலிகளிடம் மிகுதியாக வாழ்வது நோயைப் பரப்பும் திறன் குறைந்த வேறொரு தெள்ளுப்பூச்சி இனம் என்று கண்டறிந்தார். பத்து நாள் நடந்து நடந்து கையெழுத்து வாங்கியவர்கள் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

ஆனால் படிப்பறிவில்லாத கிராமத்து மக்கள் ஒன்றை அறிந்திருந்தனர். இமயச் சாரலில் கட்வால், குமாவூன் பகுதிகளில் இந்நோயை மகாமாரி என்பர். பம்பாய்க்கு நோய் வருமுன்பே, வீட்டில் எலி செத்து விழுந்தால் உடனே ஊரைக் காலிசெய்துவிட்டு மலைச்சரிவுக்குச் செல்வது அங்கே வழக்கம். தக்காணத்திலும் நோய் பரவியபின் இவ்வழக்கம் வேரூன்றியது. எலி விழுந்தது என்ற சொல் எழுந்தவுடன், குதிர் நெல்லையும் பானைசட்டிகளையும் ஆடுமாடுகளையும் கொண்டு வயல்வெளிக்குச் செல்வார்கள். கழியும் வைக்கோலும் கொண்டு குடிசை போடுவார்கள். நோய் ஓயும்வரை அங்கேயே சமையல், அங்கேயே உறக்கம். அரசினரும் வற்புறுத்தலைக் கைவிட்டபின், இதைவிடச் சிறந்த தற்காப்பு இல்லை என்று ஒப்புக்கொண்டனர். வீட்டையும் அதில் வாழும் எலியையும் விட்டு விலகுவதே பிளேக்குக்கு மருந்து. 2020இல் அதற்கு நேர்மாறாக வீட்டுக்குள் இருப்பதே மருந்தாயிற்று.

இரண்டிலும் மனத்துக்கு நேரும் துன்பம் ஒன்றுதானா? நாம் அவ்வாறு கருதவில்லை. வயலில் குடிசை போட்டவனுக்கு வீடு இல்லை. ஆனால் வானம் இருந்தது, அண்டை வீட்டான் அடுத்த குடிசையில் இருந்தான், செய்வதற்கு வேலை இருந்தது. மேலும் எப்பொழுது போவது, எங்கே தங்குவது என்பதை ஊரே கூடி முடிவு செய்தது. புனா முகாமில் அடைபட்டவனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. பம்பாயில் 1898 மார்ச்சில் நெசவாளர்கள் சோதனைக்கு எதிராகக் கலகம் விளைத்தபின், அரசினர் இறங்கிவந்து, அந்தந்தச் சமூகத்தார் தத்தமக்கு மருத்துவமனையும் முகாமும் நடத்திக்கொள்ள இடம் கொடுத்தனர். அதன்பின் அதே ஒதுக்கலை அதே மக்கள் பெருமளவு பொறுத்துக்கொண்டனர்.

பெங்களூர் 1898 ஆகஸ்டில் பிளேக்கைக் கண்டது. நெருக்கமான பேட்டைத் தெருக்களிலிருந்து மக்களை வெளியேற்றி, மல்லேசுவரம், பசவனகுடி ஆகிய புதிய பகுதிகளை அகன்ற தெருக்களும் தனித்தனி மனைகளுமாக வளர்த்தனர். இன்று அங்கே மரநிழலில் நடப்பவர்களுக்கு இத்தெருக்களின் அகலத்தில் எலிக்கும் பங்குண்டு என்பது நினைவிராது. பெங்களூரிலும் கோயமுத்தூரிலும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன.

அடைபட்டிருந்த நாட்களைப் பற்றிப் படிக்கையில் நம் மனத்தில் ஆழப் பதிந்தது ஒரு கப்பலின் கதை. 1896ஆம் ஆண்டு இறுதியில் பம்பாயிலிருந்து கூர்லாந்து, நாதேரி என்னும் இரு கப்பல்கள் தென்னாப்பிரிக்கா சென்றன. இரண்டிலுமாக ஏறத்தாழ எண்ணூறு இந்தியர். கூர்லாந்தில் காந்தியடிகளும், கஸ்தூரிபா அம்மையாரும், இரு புதல்வர்களும், காந்தியடிகளின் சகோதரியின் மகனும் இருந்தனர். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அவர் இராஜகோட்டையில் பிளேக் தடுப்புக் குழுவில் சேர்ந்து, வீடுவீடாகக் கழிப்பிடங்களைச் சோதித்துவந்தார். செல்வர்களின் இல்லங்களைக் காட்டிலும் தீண்டாதார் என ஒதுக்கப்பட்டவர்களின் குடியிருப்பு தூய்மையாக இருந்ததை அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சோதிக்கச் சென்றவரே சோதனைக்கு உட்படும் முறை இப்பொழுது வந்தது.

டிசம்பர் 18ஆம் தேதி கப்பல்கள் தர்பான் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டன. கப்பலில் எவருக்கும் பிளேக் இல்லை. எனினும் பம்பாயைவிட்டுப் புறப்பட்டு இருபத்துமூன்று நாள் ஆகும்வரை இறங்கலாகாது என்று மருத்துவர் விதித்தார். பிளேக் கிருமி வெளிப்பட அத்தனை நாள் ஆகலாம் என்பது அவர் கருத்து. அந்த நாளும் கடந்தது, தடை நீளலாயிற்று. கரையில் வெள்ளையர் நாள்தோறும் கூட்டம் கூட்டி இந்தியரை இறங்கவிடோம் என்று முழங்கினர். திரும்பிப் போய்விட்டால் கப்பற் கட்டணத்தைக் கொடுத்துவிடுகிறோம் என்றும் ஆசை காட்டினர். நோய்த் தடுப்பு என்னும் பெயரால் நடந்தது வேறொன்று என்பது அனைவருக்கும் தெரிந்தது.

கண்ணுக்கெட்டும் தொலைவில் கரை. காலால் மிதிக்க முடியாது. கூட்டமோ பெரிது, மேல்தட்டில் படுத்திருந்தவர்களில் குழந்தைகளும் பெண்களும் உண்டு. எத்தனை நாள் என்பது தெரியாமலிருப்பதே அடைபட்டவனின் பெருந்துன்பம். காந்தியடிகள் செய்தவை எளியவை. பயணிகளிடையே சென்று அமர்ந்து பேசினார். நாதேரிக் கப்பலிலிருந்தவர்களுக்கும் ஆறுதற் செய்தி அனுப்பினார். பொழுதுபோகப் பலவகை விளையாட்டுகளுக்கு ஏற்பாடு செய்தார். கிறிஸ்துமஸ் அன்று கப்பல் தலைவர் முதல் வகுப்புப் பயணிகளுக்கு விருந்து வைத்தார். அவ்விருந்தில் காந்தியடிகள் மேலைநாட்டு நாகரிகத்தைப் பற்றிப் பேசினார்! விருந்துக்கு அது ஏற்ற பொருள்தானா என்று நமக்கும் ஐயமே. எச்சரிக்கைகள் வந்துகொண்டிருந்த போதிலும் பயணிகள் இறங்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. 1897 ஜனவரி 13ஆம் தேதி கரையிறங்கினர். அன்று மாலை தெருவில் காந்தியடிகளைக் கூட்டம் சூழ்ந்து தாக்கியதும், காவல்துறைக் கண்காணிப்பாளரின் மனைவியார் தம் குடையை விரித்து இடையே நின்று காத்ததும் பலர் அறிந்த செய்தி. அவ்வாண்டிலேயே நெட்டால் சட்டமன்றம், நோய் கண்ட துறைமுகங்களிலிருந்து வருவோரைத் தடுக்கும் தொற்றொதுக்கச் சட்டத்தையும் குடியேற்றத் தடைச் சட்டத்தையும் அடுத்தடுத்து நிறைவேற்றியது. பிளேக் போனபின்னும் சட்டம் நின்றது.

இத்தகைய தடைக்கு ஏழைத் தமிழர்களும் தலைமுறை தலைமுறையாக உட்பட்டனர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களை முதலில் தூத்துக்குடி அருகே தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபத்திலும் இலங்கை அரசின் முகாமில் சில நாட்கள் தங்கவைத்து, மருத்துவச் சோதனை செய்து, அம்மை குத்திய பின்னரே கப்பலேற்றினர். 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியவர்கள் வந்து தங்கியதும் அம்மண்டபம் முகாமிலேதான்.

மீண்டும் 2020க்கு வருவோம். எண்பது வயது கடந்த அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற கணக்காளர், நாள்தோறும் லோதித் தோட்டத்தில் நடப்பவர். தோட்டம் மூடப்பட்டபின் தம் முன்றிலிலேயே இங்குமங்கும் நடக்கலானார். ஒரு சுற்று பதினோரு அடி. சுற்று முடிய ஒரு புளியங்கொட்டை என்று எண்ணி, ஒரு கிண்ணத்திலிருந்து மறு கிண்ணத்துக்கு மாற்றுவார். சரக்கு வண்டி போனால் நின்று பெட்டிகளை எண்ணுவார். புளியங்கொட்டைக் கணக்கு தவறிவிடும். மறுபடியும் முதலிலிருந்து நடப்பார். மார்ச்சு 28 முதல் தூர்தர்சன் இராமாயணத் தொடரை மறு ஒளிபரப்புச் செய்தது. அந்நேரம் மட்டும் அவர் நடப்பதில்லை.

நமக்கு வீடு இருந்தது, மாதச் சம்பளம் வந்தது. அடைபட்டிருத்தல் என்பது நமக்குச் சலிப்பு. அதே மார்ச்சு 28ஆம் தேதி ஆனந்த விகார் பேருந்து நிலையத்தில் கூடிய பல்லாயிரம் தொழிலாளர்களுக்கு அது சலிப்பன்று. தில்லியில் அவர்கள் படுத்துறங்கிய இடம் பலருக்குப் பணியிடமே. பணியிடம் மூடினால் வீட்டுக்குள் இரு என்னும் ஆணைக்கு அவர்கள் எவ்வாறு பணிவது? 1896இல் பம்பாய் ஆலைத் தொழிலாளி செய்ததையே அவர்களும் செய்தனர். இரயில் இல்லாமையால் நடந்தனர். மே முதல் தேதியன்றுதான் அவர்களுக்கென முதல் தனி வண்டி தெலங்கானாவின் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹடியாவுக்குப் புறப்பட்டது. ஐந்து வாரங்களுக்கு மேற்பட்ட அக்காலத்தாழ்வு நியாயமானதென்று நம்மால் சொல்ல இயலவில்லை.

பம்பாய்ச் சுவர்களின் செந்நிற வட்டமும் திரும்பி வந்தது. நோய் கண்ட வீட்டின் கதவில் அறிவிப்புத் தாள் ஒட்டும் வழக்கம் தில்லியிலும் இருந்தது. எங்கள் தெருவில் அவ்வாறு தாள் ஒட்டப்பட்ட வீட்டுக்குப் பால்காரர் தாள் கிழிக்கப்பட்டபின்னும் சில நாட்கள் போகவில்லை. உரிய அதிகாரியின் குறிப்பான ஆணை இன்றி அத்தகைய தாள்களை ஒட்டலாகாது என்று 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கூறியது. 1897ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அவ்வாண்டில் ஒரு திருத்தம் வந்தது. அதிகாரிகளைக் காக்கும் பிரிவு ஆதியிலேயே இருந்தது. மருத்துவரையும் செவிலியரையும் தாக்குவோரைத் தண்டிக்கும் பிரிவு நூற்றிருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின்னரே சேர்ந்தது.

மே 12ஆம் தேதி தில்லியிலிருந்து பயணச்சீட்டு எடுத்தோருக்கான வண்டிகள் மீண்டும் தொடங்கின. அன்று மாலை நான்கு மணிக்கு முதல் வண்டி பிலாஸ்பூருக்குப் புறப்படும் என்று வானொலியில் சொன்னார்கள். வெயில் தணியாத வேளை. அண்டை வீட்டுப் பெரியவர் தம் முன்றிலில் நின்றார். நாம் நம் முன்றிலில் நின்றோம். வண்டி வந்தது. மூடிய கண்ணாடிச் சாளரங்களுக்குப் பின்னே பாதி முகம் மறைத்த மனிதர்கள். ஒரு குழந்தை கண்ணாடியில் உள்ளங்கையை வைத்திருந்தது. பெரியவர் பெட்டிகளை எண்ணவில்லை. கையை உயர்த்தி, கடைசிப் பெட்டி திரும்பும்வரை அசைத்துக்கொண்டேயிருந்தார்.